உற்பத்தி நின்றுபோன எஸ்.யூ.வி.யை வாங்கலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எங்கள் வீட்டில் இரண்டு மாதமாகப் பேசிப் பேசி, சென்ற வாரம்தான் முடிவுக்கு வந்த ஒரு காரியத்தைப் பற்றித் தங்கள் நாளிதழுக்கு எழுதுகிறேன். மன்னார்குடிக்கும் திருத்துறைப்பூண்டிக்கும் இடைப்பட்ட கிராமம் ஒன்றில் வசிக்கும் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியன் நான். கொஞ்சம் நஞ்சையும் உண்டு. வீட்டில் இருந்த பழைய காரைக் கொடுத்துவிட்டு, 2019-ஆம் ஆண்டு பதிவான ஃபோர்டு ஈக்கோஸ்போர்ட் டீசல் வண்டி ஒன்றை வாங்கலாமா என்பதுதான் பேச்சு. தஞ்சாவூர்ப் பதிவு, ஒரே உரிமையாளர், 71,000 கிலோமீட்டர் ஓட்டம், கேட்ட விலை 5 லட்சத்து 60 ஆயிரம் ரூபாய். இந்தியாவில் விற்பனையை நிறுத்திவிட்டுப் போன நிறுவனங்களின் எஸ்.யூ.வி. வண்டிகள் இப்போது எங்கள் பக்கத்தில் நிறையக் கைமாறுகின்றன. வாங்குகிறவர்களில் பலர் விலையை மட்டும் பார்த்து முன்பணம் கொடுத்துவிடுகிறார்கள். ஆகவே நாங்கள் எதையெல்லாம் எண்ணிப் பார்த்தோம் என்பதையும், இதில் அரசு செய்ய வேண்டியது என்று எனக்குத் தோன்றுவதையும் சற்று விரிவாகவே எழுத அனுமதிக்க வேண்டுகிறேன்.

இந்த வண்டிகளின்மேல் டெல்டாக்காரர்களுக்கு ஆசை வருவதில் தவறு எதுவும் இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் வாய்க்கால் உடைப்பெடுத்தால் சாலை எது, வயல் எது என்று தெரியாமல் போகும் ஊர்கள் எங்களுடையவை. கப்பி பெயர்ந்த படுகைச் சாலையிலும், நெல் மூட்டை ஏற்றிய டிராக்டர் பதித்துவிட்டுப் போன களிமண் தடத்திலும் சிறிய கார் அடிதட்டி நின்றுவிடும். ஈக்கோஸ்போர்ட்டுக்குத் தரையிலிருந்து 200 மில்லிமீட்டர் உயரம் இருக்கிறது. நீளம் நான்கு மீட்டருக்குள் அடங்குவதால் கும்பகோணத்துச் சந்துகளிலும் சிரமமின்றித் திருப்பலாம். அதன் 1,498 சி.சி. டீசல் என்ஜினை எங்கள் பக்கத்து மெக்கானிக்குகள் எவரும் குறை சொல்லி நான் கேட்டதில்லை. இதே வயதுள்ள, இன்றும் உற்பத்தியில் இருக்கும் வேறு வண்டிகளை விசாரித்தபோது ஒன்றிலிருந்து ஒன்றரை லட்சம் வரை கூடுதலாகச் சொன்னார்கள். ஓட்டிப் பார்த்த அன்றே என் மகன், "அப்பா, இதை விட்டுடாதீங்க" என்றான். எனக்கும் அன்று அப்படித்தான் தோன்றியது.

வண்டியைக் காட்டிய தரகர் ஒரு வாதத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னார்: "ஃபோர்டு திரும்ப வருது சார், இப்ப விட்டா இந்த விலைக்குக் கிடைக்காது." இதே பேச்சைத் தஞ்சாவூரிலும் திருச்சியிலும் வேறு தரகர்கள் வாயிலாகவும் கேட்டேன். எனவே உண்மை நிலையை இங்கே பதிவு செய்வது அவசியம். இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக அந்த நிறுவனம் அறிவித்தது 2021 செப்டம்பர் 9 அன்று. குஜராத்தின் சானந்த் ஆலை முதலில் நின்றது. அதைப் பின்னர் டாடா நிறுவனம் 725.7 கோடி ரூபாய்க்கு வாங்கிக்கொண்டது. மறைமலைநகர் ஆலையிலிருந்து கடைசி வண்டி 2022 ஜூலையில் வெளிவந்தது. அந்த ஆலையை ஏற்றுமதிக்குப் பயன்படுத்த விரும்புவதாக 2024 செப்டம்பரில் தமிழக அரசுக்குக் கடிதம் கொடுத்தார்கள்; 2025 அக்டோபரில், 3,250 கோடி ரூபாய் முதலீட்டில் அங்கே என்ஜின் தயாரிக்க ஒப்பந்தமும் செய்துகொண்டார்கள். உற்பத்தி 2029-இல் தொடங்கும் என்பது திட்டம். நம் மாநிலத்துப் பிள்ளைகளுக்கு மறுபடி அங்கே வேலை கிடைக்கும் என்பதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. ஆனால் அந்த அறிவிப்புகள் எதிலும் இங்கே மறுபடி கார் விற்பது பற்றிய உறுதி இல்லை. 2029 வரும்போது நான் பார்த்த வண்டிக்குப் பத்து வயதாகியிருக்கும். புதிய என்ஜின் தயாரிக்கும் ஆலை வருவதால் பழைய ஈக்கோஸ்போர்ட்டின் முகப்பு விளக்கு எளிதாகக் கிடைத்துவிடும் என்று நம்ப எந்தக் காரணமும் இல்லை. உதிரிபாகமும் சர்வீஸும் தொடரும் என்று ஃபோர்டு வாக்குக் கொடுத்தே போனது. 2017-இல் ஷெவர்லே விற்பனையை நிறுத்திய ஜெனரல் மோட்டார்ஸும் அப்படியே சொன்னது. வாக்கு இருக்கிறது என்பது வேறு, நம் ஊரில் மழை நாளில் வண்டி நின்றால் எத்தனை நாளில் பொருள் கைக்கு வரும் என்பது வேறு.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குச் சொந்த அனுபவமும் உண்டு. இந்தியாவை விட்டுப் போன வேறொரு நிறுவனத்தின் வண்டியை ஒன்பது ஆண்டுகள் ஓட்டியவன் நான். அதன் பெயர் இங்கு தேவையில்லை. ஒரு தை மாதம், சம்பா அறுவடை முடிந்து களத்தில் வைக்கோல் போர் போட்டிருந்த சமயம். அறுத்த வயலில் இரை குறைந்ததும் எலிகள் வீட்டுப் பக்கம் ஏறும் என்பது எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரியும். காலையில் சாவியைத் திருப்பினால் டேஷ்போர்டில் இருந்த விளக்குகள் எல்லாம் எரிந்தன. வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. பானெட்டைத் திறந்து பார்த்தபோது பேட்டரிக்குக் கீழே வைக்கோலும் உமியும் சேர்த்து எலி கூடு கட்டியிருந்தது. அதை ஒட்டி, கறுப்பு டேப் உரிந்து, ஏறத்தாழ இருபது வயர்கள் செம்பு தெரிய அறுந்து கிடந்தன. மன்னார்குடியிலிருந்து வந்த மெக்கானிக் மாட்டுக்கொட்டகை நிழலில் உட்கார்ந்து, நிறம் பார்த்து ஒவ்வொரு வயராக முறுக்கி, ஈயம் வைத்து, மேலே ஸ்லீவ் மாட்டி, அன்று மாலைக்குள் அத்தனையையும் சேர்த்துவிட்டார். ஆனால் இரண்டு சென்சார்களுக்குப் போகும் பிளாஸ்டிக் கனெக்டர்களையே எலி தின்றிருந்தது. கட்டைவிரல் நகம் அளவுள்ள பொருள். அதைத் தனியாகத் தர மாட்டார்களாம். என்ஜின் வயரிங் முழுவதையும் வாங்க வேண்டுமாம். சர்வீஸ் சென்டரில் ஆர்டர் எடுத்துக்கொண்டு, வரும், எப்போது வரும் என்று சொல்ல முடியாது என்றார்கள்.

47 நாட்கள் அந்த வண்டி கொட்டகையிலேயே நின்றது. அதற்குள் என் மனைவியின் கண் பரிசோதனைக்காக இரண்டு முறை தஞ்சாவூருக்கு வாடகைக் காரில் போய் வந்தோம். கடைசியில், சென்னை புதுப்பேட்டையில் விபத்தில் நொறுங்கிய அதே மாடல் வண்டியிலிருந்து கழற்றிய வயரிங் கிடைத்து, பார்சலில் வந்து சேர்ந்தது. மெக்கானிக் அதைச் சிமெண்டுத் தரையில் விரித்து, பழையதைப் பக்கத்தில் கிடத்தி, கனெக்டர் கனெக்டராகத் தொட்டு எண்ணிச் சரிபார்த்ததை நான் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அதே மாதத்தில் எங்கள் எதிர்வீட்டாரின் காரிலும் எலி வயரைக் கடித்தது. அது இன்றும் விற்பனையில் உள்ள நிறுவனத்தின் வண்டி. நான்காம் நாள் அது சாலையில் ஓடியது. எலி இரண்டு வண்டியையும் ஒன்றுபோலத்தான் கடித்தது. வித்தியாசமெல்லாம் அந்த 47-க்கும் 4-க்கும் இடையில் இருந்தது.

உதிரிபாகம் கிடைக்குமா என்று பொதுவாகக் கேட்டால் எந்தக் கடைக்காரரும் கிடைக்கும் என்றுதான் சொல்வார். அவர் சொல்வது பொய்யும் ஆகாது. எந்தப் பாகம் என்று கேட்க வேண்டும். ஃபில்டர், பிரேக் பேட், கிளட்ச் செட், பேரிங், ஷாக் அப்சார்பர் போன்று தேயும் பொருட்களை வண்டி நிறுவனங்கள் பெரும்பாலும் தாங்களே செய்வதில்லை. அவற்றைச் செய்து கொடுக்கும் நிறுவனங்கள் வேறு. வண்டிக்காரர் போனாலும் அவை இங்கேயே இருக்கின்றன, சாலையில் வண்டி ஓடும்வரை அந்தப் பொருளுக்கு வியாபாரமும் இருக்கும். அதிலும் ஈக்கோஸ்போர்ட் நிறைய விற்ற வண்டி. மறைமலைநகரிலிருந்து அமெரிக்கா வரைக்கும் ஏற்றுமதியானது. ஆகவே அதன் ஓட்டப் பாகங்களைப் பற்றி எனக்கு இன்றைக்குப் பெரிய கவலை இல்லை. கதவு, பம்பர், முகப்பு விளக்கு, கண்ணாடி என்று வந்தால் கதை மாறுகிறது. அந்த மாடலுக்கென்றே செய்த அச்சு இருந்தால்தான் அவற்றை வார்க்க முடியும். ஆலை தினமும் ஓடியபோது அந்த அச்சும் தினமும் ஓடியது. ஆலை நின்ற பிறகு போதுமான ஆர்டர் சேர்ந்தால்தான் ஒரு தடவை ஓட்டுவார்கள், அதுவரை கிடங்கில் உள்ளதுதான் இருப்பு. குறைவாக விற்ற மாடல் என்றால் அந்த இருப்பு சீக்கிரம் தீரும். மூன்றாவதாக, மின்னணுப் பாகங்கள். ஏ.பி.எஸ். யூனிட் (பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காப்பது), ஏர்பேக் கட்டுப்பாட்டுப் பெட்டி, சாவிக்குள் இருக்கும் சிப் ஆகியவற்றைப் புதுப்பேட்டையில் தேடிப் பிடித்தாலும், அந்த வண்டியின் கம்ப்யூட்டர் ஏற்றுக்கொள்ளும்படி பதிவு செய்யும் மென்பொருளும் ஸ்கேனரும் அருகில் யாரிடமாவது இருக்க வேண்டும். விலை பேசுவதற்கு முன்பு அந்த ஆளைத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

அம்பாசடரின் உற்பத்தி 2014-இல் நின்றது, அதை இன்றும் ஓட்டுகிறார்களே என்று என் வயதுக்காரர்கள் சிலர் கேட்டார்கள். சென்னைக்கு அருகே தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு வண்டியையும் ஆலை மூடிய பின்பு பல ஆண்டுகள் எங்கள் பக்கத்தில் வைத்திருந்தவர்கள் உண்டு. அம்பாசடரில் ஒரு பாகம் உடைந்தால் லேத் பட்டறையில் கடைந்து கொடுத்துவிடுவார்கள். கார்புரேட்டரை மரத்தடியில் உட்கார்ந்து கழற்றி, பெட்ரோலில் கழுவி மாட்டலாம். எங்கள் ஊர்ப் பட்டறைகளின் கைத்திறமை இன்றும் குறையவில்லை. என்னுடைய பழைய வண்டியில் கூலண்ட் போகும் பிளாஸ்டிக் குழாய் ஒருமுறை விரிந்தபோது, பித்தளையில் ஒன்றைக் கடைந்து போட்டார் ஒரு லேத்காரர். வண்டியை விற்ற நாள்வரை அது ஒரு சொட்டு ஒழுகவில்லை. ஆனால் பித்தளையில் சென்சார் கடைய முடியாது. அம்பாசடரின் அனுபவத்தை வைத்து இன்றைய வண்டியை எடைபோட்டால் கணக்குத் தவறிவிடும்.

காப்பீட்டைப் பற்றி யாரும் முன்கூட்டி யோசிப்பதாகத் தெரியவில்லை. வண்டியின் காப்பீட்டு மதிப்பை, அதாவது ஐ.டி.வி.யை, ஐந்தாண்டு வரை இவ்வளவு சதவீதம் கழிக்க வேண்டும் என்ற அட்டவணைப்படி நிர்ணயிப்பது வழக்கம். ஐந்தாண்டு கடந்த வண்டிக்கும், வயது எதுவானாலும் உற்பத்தி நிறுத்தப்பட்ட மாடலுக்கும் அந்த அட்டவணை பொருந்தாது. காப்பீட்டு நிறுவனமும் உரிமையாளரும் பேசி ஒத்துக்கொள்ளும் தொகைதான் மதிப்பு. பிரீமியம் குறையட்டும் என்று ஏஜென்ட் காட்டிய குறைந்த தொகைக்கு நாம் தலையசைத்துவிட்டால் என்ன ஆகும் என்று பாருங்கள். பழுதுச் செலவு ஐ.டி.வி.யில் 75 சதவீதத்தைத் தாண்டினால் வண்டியை முழு இழப்பாகக் கணக்கிடுவார்கள். பாகங்களின் விலை ஏறி, மதிப்பு இறங்கி இருக்கும் வண்டிக்கு நடுத்தரமான ஒரு விபத்தே அந்த எல்லையைத் தொட்டுவிடும். சரிசெய்தால் ஓடக்கூடிய வண்டி காயலான் கடைக்குப் போகும். கையில் வரும் பணத்தில் அதேபோல் இன்னொன்றை வாங்க முடியாது. ஆகவே வண்டியை வாங்கும் முன்பே என்ன மதிப்புக்குக் காப்பீடு தருவார்கள் என்று எழுத்தில் கேட்டு வாங்குவது நல்லது. நான் கேட்டேன், இரண்டு இடங்களில் சொன்ன தொகைக்கு இடையே 90 ஆயிரம் ரூபாய் வித்தியாசம் இருந்தது.

வண்டியைச் சோதிப்பது பற்றி ஓரிரு வார்த்தை. சென்னை வெள்ளத்தில் நின்ற வண்டி நம் பக்கத்துக்கு வந்து சேர வாய்ப்புண்டு. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பார்த்தால் சேற்றுக்கோடு தெரியும், சீட்டுக்கு அடியில் உள்ள தண்டவாளத்தில் துரு இருக்கும். வேதாரண்யம், நாகப்பட்டினம் பக்கம் நின்ற வண்டி என்றால் உப்புக்காற்றில் அடிப்பாகம் அரித்திருக்கிறதா என்று ஏற்றத்தில் நிறுத்திப் பார்க்க வேண்டும். 2020 ஏப்ரலுக்குப் பிந்தைய, பி.எஸ்.-6 என்னும் புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த டீசல் வண்டியில் புகைக்கரி வடிகட்டி உண்டு. தினமும் ஐந்து கிலோமீட்டர் கடைத்தெருவுக்கு மட்டும் போய் வருகிறவர்களுக்கு அது அடைத்துக்கொண்டு செலவு வைக்கும். டில்லியில் பத்தாண்டு கடந்த டீசல் வண்டிகளுக்குத் தடை வந்த பிறகு அங்கிருந்து பெரிய எஸ்.யூ.வி.க்கள் மலிவாக வந்தன. இங்கே மறுபதிவும் வரியும் சேர்ந்த பிறகு அந்த மலிவு எவ்வளவு மிஞ்சும் என்பதையும் கணக்குப் போட வேண்டும்.

இனி எங்கள் முடிவு. அந்த வண்டியை நான் வாங்கவில்லை. வண்டி நல்ல வண்டி. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எங்கள் வீட்டில் இருக்கப்போவது ஒரே கார். நானும் மனைவியும் மட்டும் இருக்கும் வீடு. கடைசிப் பேருந்து இரவு எட்டரைக்குப் போய்விடும். அந்த வண்டிக்கான ஸ்கேனரும் பழக்கமான கையும் எங்களுக்கு மிக அருகில் இருப்பது தஞ்சாவூரில். 47 நாள் வண்டியில்லாமல் இருக்கும் நிலை இந்த வயதில் மறுபடி வரக்கூடாது. 2025 செப்டம்பர் 22 முதல் நான்கு மீட்டருக்கு உட்பட்ட சிறிய வண்டிகளுக்கு ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்ததால், புதிய வண்டிக்கும் பழையதற்கும் இடையே இருந்த தூரமும் குறைந்திருக்கிறது. கொஞ்சம் கடன் சேர்த்து, மன்னார்குடியிலேயே சர்வீஸ் கிடைக்கும் புதிய சிறிய வண்டிக்குப் பதிவு செய்துவிட்டேன்.

அந்த ஈக்கோஸ்போர்ட்டை வாங்கியவர் தஞ்சாவூரில் இருக்கும் என் பங்காளி தம்பிதான். "அண்ணே, நீங்க வேணாம்னா நான் எடுத்துக்கவா?" என்று கேட்டபோது, தயங்காமல் எடுத்துக்கொள் என்றேன். அவர் வீட்டில் ஏற்கனவே ஒரு கார் இருக்கிறது. அந்த வண்டிகளையே பல ஆண்டுகள் பார்த்த மெக்கானிக் இரண்டு தெரு தள்ளி இருக்கிறார். ஒரு வாரம் வண்டி நின்றாலும் அவர் வேலை நிற்காது. முதல் வேலையாக ஒரு ஜோடி முகப்பு விளக்கும் ஒரு ரிமோட் சாவியும் வாங்கி அலமாரியில் வைத்துவிடச் சொன்னேன். விலையிலும் 40 ஆயிரம் குறைத்து வாங்கினார். ஒரே வண்டி அவருக்குச் சரியாகவும் எனக்குத் தவறாகவும் இருப்பதில் முரண்பாடு எதுவும் இல்லை.

இவ்வளவும் வாங்குகிறவரின் பொறுப்பு. அரசின் பொறுப்பு என்று ஒன்று இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டப்படி ஒரு காரின் பதிவுச் சான்று 15 ஆண்டுகளுக்குச் செல்லும். தமிழக அரசு ஆயுட்கால வரியை முதல் நாளே முழுமையாக வாங்கிக்கொள்கிறது. இத்தனை ஆண்டு இந்த வண்டி சாலையில் ஓடும் என்று ஒப்புக்கொண்டு வரி வாங்கும் சட்டம், அத்தனை ஆண்டு அதற்கான பாகம் கிடைக்க வேண்டும் என்று அதைச் செய்தவரைக் கட்டாயப்படுத்தாமல் இருப்பது எந்த விதத்தில் நியாயம்? மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பர் 24 அன்று பழுதுநீக்கும் உரிமைக்கான இணையதளம் ஒன்றைத் தொடங்கியது. மோட்டார் வாகனமும் அதில் ஒரு பிரிவு. நல்ல தொடக்கம்தான், ஆனால் அது நிறுவனங்கள் தாமாக முன்வந்து தகவல் தரும் ஏற்பாடே. குறையுள்ள வண்டிகளைத் திரும்பப் பெறும்படி உத்தரவிடும் அதிகாரத்தை 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்க்க முடிந்தது. அதே சட்டத்தில், கடைசி வண்டி விற்ற நாளிலிருந்து 15 ஆண்டுகளுக்கு உதிரிபாகம் தர வேண்டும், அதற்கான தொகையை நாட்டை விட்டுப் போகும் முன் வைப்பாகக் கட்ட வேண்டும், தர இயலாத பாகங்களின் அச்சையும் ஸ்கேனர் மென்பொருளையும் இங்குள்ள தயாரிப்பாளர்களுக்கும் பட்டறைகளுக்கும் நியாயமான விலையில் கொடுத்துவிட்டுப் போக வேண்டும் என்று சேர்ப்பதும் முடியாத காரியமாக இருக்காது. டெல்டா மாவட்டங்களின் நாடாளுமன்ற உறுப்பினர்கள் இதை அவையில் எழுப்ப வேண்டும்.

அதுவரை, பாகம் கிடைக்காமல் மாதக்கணக்கில் வண்டியை நிறுத்தி வைத்திருப்பவர்கள் சும்மா இருக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். ஆர்டர் கொடுத்த தேதியுடன் ரசீது கேட்டு வாங்குங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகாரைப் பதிவு செய்யுங்கள். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். அந்த 47 நாட்களில் நான் ஒரு தாள்கூட எழுதி வாங்கவில்லை. அதனால்தான் என் வழக்கை எடுத்துக்கொண்டு போக இன்று என்னிடம் எதுவும் இல்லை.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
திருவாரூர் மாவட்டம்.